சந்தனத்துக்குப் பின் கார்பன்

தர்மபுரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காடு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். தர்மபுரி என்றால் அவர்களுக்கு வறட்சி, பல்லில் கறையேற்றும் ஃபுளோரைடு தண்ணீர், வேலை தேடி பெங்களூருக்குப் பஸ் ஏறும் இளைஞர்கள். ஆனால் மாவட்டத்தின் ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டரில் 1,600-க்கும் மேல் வனத்துறையின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காட்டின் பங்கு மிகுந்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று.

நம்பாதவர்களையும் குறை சொல்ல முடியாது. பங்குனி மாதத்தில் அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறுகிறவர் கண்ணில் படுவது சாம்பல் நிறக் குச்சிகள்தான். வெக்காலி, உசிலை, வேங்கை எல்லாம் இலை கொட்டி நிற்கும். அடியில் புல் காய்ந்து சரசரக்கும். பாறைக்குப் பாறை வெயில் தெறிக்கும். இதைக் காடு என்று ஒப்புக்கொள்ள ஐப்பசி மழை இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு இந்தக் காடு வாழத் தெரிந்துகொண்ட விதம் அது.

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில் இத்தகைய காடுகளுக்கு இடம் கிடைப்பதில்லை. மேடைகளில் அமேசானும் போர்னியோவும் வரும். தமிழ்நாட்டு மேடையென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகள் வரும். ஹெக்டேர் கணக்கில் பார்த்தால் மழைக்காடு மரங்களில் வைத்திருக்கும் கார்பனை இந்த வறண்ட காடு வைத்திருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கணக்கு மரத்தோடு முடிவதில்லை. இந்திய வன அளவை நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டின் காடுகளில் தேங்கியிருக்கும் கார்பன் சுமார் 720 கோடி டன். அதில் பாதிக்கும் மேல் இருப்பது மண்ணில். வறண்ட காட்டில் மண்ணின் பங்கைக் கவனிக்காமல் விட்டால் பெரும்பகுதியை விட்டதாகவே பொருள். தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த இலையும் செத்த வேரும் கறையானும் பூஞ்சையும் சேர்ந்து கட்டிய சேமிப்பு அது. மேலே நிழல் இருக்கும்வரை அது மண்ணில் இருக்கும். மரம் போய், கட்டையும் தோண்டப்பட்டு, சரிவில் வெயிலும் மழையும் நேராக விழத் தொடங்கினால், மக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு கலக்கும். மிச்சம் ஓடையில் இறங்கிவிடும். வெளியேறும் ஒவ்வொரு டன் கார்பனும் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு.

அதனால்தான் ஐ.நா. காலநிலைக் குழு 2019 ஆகஸ்டில் நிலம் பற்றி வெளியிட்ட சிறப்பறிக்கை இரண்டு காரியங்களை வேறுபடுத்தியது. இருக்கும் காட்டையும் சதுப்பையும் மேய்ச்சல் நிலத்தையும் காப்பது உடனே பலன் தரும். புதிதாகக் காடு வளர்ப்பதன் பலனுக்குப் பல பத்தாண்டுகள் பொறுக்க வேண்டும். பத்து லட்சம் மரக்கன்று என்று ஆண்டுதோறும் விளம்பரம் செய்கிறவர்கள் அதிகம் மேற்கோள் காட்டாத பகுதி இது.

வெட்டாமல் காப்பதுதான் முதல் வேலை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தர்மபுரியில் எது வெட்டப்பட்டது, எது காக்கப்பட்டது, யார் கையால் என்று கேட்க வேண்டியிருக்கிறது. விடை அவ்வளவு இனிமையாக இல்லை.

கோடரிக்கு இங்கே பழைய வரலாறு உண்டு. தீர்த்தமலை, கஞ்சமலை வட்டாரங்களின் காந்த இரும்புத்தாதை மலையடிவாரக் கொல்லர்கள் சிறு உலைகளில் உருக்கினார்கள், எரிபொருள் மரக்கரி. கும்பெனி அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை சேலம் தாதை நம்பியது, கரியை நம்பியது, கடைசியில் கரி போதாமலும் தள்ளாடியது. 1860-களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து மொரப்பூர், பொம்மிடி வழியே சேலத்துக்கு ரயில் வந்தது. மைலுக்கு இரண்டாயிரம் கட்டைகளுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவை, கறையான் அரித்த கட்டையைச் சில ஆண்டுகளிலேயே மாற்ற வேண்டும், என்ஜினுக்கும் விறகு. சென்னை மாகாணத்தில் 1856-ல் ஹ்யூ கிளெகார்ன் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டதும், 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்ததும் இந்தப் பசியின் பின்னணியில்தான். காட்டைக் காக்க வந்த சட்டம், ரயிலுக்கும் கஜானாவுக்கும் மரம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வந்த சட்டமும்கூட. எல்லைக் கல் நட்டார்கள். அதற்குள்ளே இருந்தது ‘ரிசர்வ்’ ஆயிற்று. அதுவரை அங்கே சாமை விதைத்தவரும் மாட்டுப்பட்டி போட்டவரும் அத்துமீறியவர் ஆனார்கள்.

சந்தனத்தின் கதை இதைவிடப் பழையது. திப்பு சுல்தான் 1792-ல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்ததாகச் சொல்வார்கள். தர்மபுரியை உள்ளடக்கிய பாராமகால் திப்புவிடமிருந்து கும்பெனிக்குக் கைமாறியதும் அதே ஆண்டில்தான். கொடி மாறினாலும் மரத்தின் உரிமை அரசிடமே நின்றது. சுதந்திர இந்தியாவிலும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. உழவர் தம் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட விருப்பம்போல் விற்க முடியாது. பறவை எச்சத்தில் வந்து விழுந்த கன்றைப் பார்த்தால் வம்பு எதற்கு என்று கிள்ளி எறிந்தவர்கள் பலர். ஒரு மரத்தின் மீது அரசு இவ்வளவு அக்கறை கொண்டால் மக்கள் அதற்கு எதிரியாவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சந்தனம் விசித்திரமான மரம். தனியாகப் பிழைக்கத் தெரியாது. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரை ஒட்டி உணவு உறிஞ்சும். மணம் ஏறுவது நடு வயிரத்தில். வயிரம் பிடிக்கவே பத்துப் பதினைந்து ஆண்டாகும், விலை பெற முப்பதுக்கும் மேல். எண்ணெய் வேரில் மிகுதி என்பதால் சந்தனத்தை அடியோடு வெட்டி விட்டுவிடுவதில்லை, வேரோடு தோண்டுவார்கள். பிறகு பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் செதுக்கித் தள்ளிவிட்டு வயிரத்தை மட்டும் கிலோக் கணக்கில் நிறுப்பார்கள். தோண்டிய இடத்தில் குழி மிஞ்சும்; அடுத்த மழையில் அது ஓடையின் தொடக்கமாகும். மற்ற மரங்களை வெட்டினால் கட்டையிலிருந்து துளிர்க்கும். சந்தனக் களவில் துளிர்க்க எதுவும் விடப்படுவதில்லை. 1998-லிருந்து உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இந்திய சந்தனம் அழியும் வாய்ப்புள்ள இனங்களில் ஒன்று. வியாபாரத்தில் பணம் எங்கே சேர்ந்தது என்பதும் தெரிந்ததுதான். மலையில் தோண்டியவனுக்குக் கூலி, லாரிக்காரனுக்கு வாடகை, மீதி எங்கோ தூரத்தில். சந்தனம் கடத்திய வீரப்பன் கதை எல்லோருக்கும் தெரியும். 2004 அக்டோபர் 18 இரவு அது முடிந்ததும் இந்த மாவட்டத்தில், பாப்பாரப்பட்டிக்கு அருகே பாடியில்தான். அதைவிட முக்கியமான கதை வேறொன்று இருக்கிறது.

சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் வட்டத்தில், வாச்சாத்தி என்று ஒரு சிற்றூர். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்தவர் அல்ல, சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, கொல்லி மலைகளின் தமிழ் பேசும் மக்கள். 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக்கட்டை பதுக்கலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அரசு அங்கே நுழைந்தது. வனத்துறையினர் 155 பேர், காவலர்கள் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். ஊரை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், ஆடுமாடுகளைக் கொன்றார்கள், கிணற்று நீரைக் குடிக்க முடியாதபடி கெடுத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சந்தனம் கடத்தியதாக வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

அரசு மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் விடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம்வரை போனார். உயர் நீதிமன்ற ஆணைப்படி 1995-ல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேருக்குத் தண்டனை. அவர்களில் 17 பேர் வன்கொடுமைக் குற்றவாளிகள். இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் பட்டியலில் இருந்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் நேரில் வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னார். அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்ற அதிகாரிகள் ஆடிய நாடகத்தில் அப்பாவிப் பெண்கள் பலியானார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மனித உரிமை நூல்களில் வாச்சாத்திக்கு இடமுண்டு. சுற்றுச்சூழல் நூல்களில் அது இருப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. வாச்சாத்தியில் நடந்தது வனப் பாதுகாப்பின் பெயரால் நடந்தது. சீருடை அணிந்து வந்தவர்கள் சந்தனத்தைக் காக்க வந்ததாகச் சொன்னார்கள். அந்தத் தேடுதலில் காக்கப்பட்ட சந்தனம் எவ்வளவு என்று எண்ணிப்பார்ப்பதே கொச்சை. ஆனால் இழந்தது என்ன என்று காட்டின் பக்கம் நின்றும் கேட்கலாம். காட்டுத்தீ மூண்டால் முதலில் புகையைப் பார்ப்பவர் மலையில் மாடு மேய்ப்பவர். வெளியூர் லாரி வந்தால் முதலில் அறிபவர் தேன் எடுக்கப் போனவர். காக்கிச் சட்டையைக் கண்டால் ஓடி ஒளிய வேண்டும் என்று ஒரு மலையே கற்றுக்கொண்ட பிறகு இவர்களில் யார் போய் ரேஞ்சரிடம் சொல்வார்கள்? ஆயிரம் ஹெக்டேர்களுக்கு ஒரு கார்டும் சில வாட்சர்களும் என்ற ஏற்பாட்டில் அந்தக் கண்களை இழப்பது சாதாரண இழப்பு அல்ல.

அரசே நடத்திய வெட்டு வேறு வழியில் நின்றது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளுக்காக நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று தந்த இடைக்கால ஆணை, தமிழ்நாட்டின் வனப்பகுதிகளில் மரம் வெட்டுவதை முற்றாகத் தடுத்தது. நட்டு வளர்த்த மரங்களுக்கு நிபந்தனையோடு விலக்கு. அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானியக் கடனில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கி, மலையடிவார ஊர்களில் கிராம வனக் குழுக்கள் முளைத்தன. திட்டப்பணம் வந்தவரை கூடின, நின்றதும் பல கலைந்தன. இருந்தாலும் குத்தகைக் கோடரி ஓய்ந்தது சிறிய விஷயமல்ல. இன்றைய தர்மபுரிக் காட்டின் சிக்கல்கள் வேறு: மாசி முதல் வைகாசிவரை தரையோடு ஓடும் தீ, அந்தத் தீக்கு விறகாகும் உண்ணிச்செடி, விளிம்புகளைத் தின்னும் கல்குவாரி, யானை வழிகளில் மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் கள்ள மின்வேலியில் செத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது கார்பனுக்கு வருவோம். காட்டில் அரசுக்கு விலைமதிப்புள்ள புதுப் பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2030-க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுப்போம் என்று இந்தியா உலகுக்கு வாக்களித்திருக்கிறது. தமிழ்நாடு தன் பரப்பில் 33 விழுக்காட்டைக் காடும் மரமுமாக்க இலக்கு வைத்திருக்கிறது. இலக்குகளில் தவறில்லை, எண்ணும் முறையில்தான் சங்கடம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட எந்த நிலத்திலும் விதானம் 10 விழுக்காட்டைத் தாண்டினால், யாருடையது, என்ன மரம் என்று பாராமல், வன அளவை அறிக்கை அதைக் காட்டுப்பரப்பில் சேர்க்கும். பாலக்கோட்டுத் தென்னந்தோப்பும் காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்பும் அந்த வரையறைக்குள் வந்துவிடலாம். சித்தேரிச் சரிவில் நூறு ஹெக்டேர் காடு மெலிந்து, சமவெளியில் நூறு ஹெக்டேர் தோப்பு எழுந்தால் அறிக்கையில் பழுதில்லை. மண்ணில் போன கார்பனும் வற்றிய ஊற்றும் அந்தப் பட்டியலில் வராது.

2023 அக்டோபரில் வந்த பசுமை வரவு (கிரீன் கிரெடிட்) விதிகள் இன்னொரு படி மேலே போயின. 2024-ல் அறிவித்த முறைப்படி, தரம் குன்றிய வனநிலத்தில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், மரத்துக்கு ஒரு வரவு என்று இருந்தது. வறண்ட காட்டை அறிந்தவர்களுக்கு இது உறுத்தியது. மரங்களுக்கிடையே புல்லும் புதரும் வெற்றிடமும் இருப்பது இந்தக் காட்டின் இயல்பு, நோயல்ல. இருக்கும் புல்லைக் கிளறி, குழி வெட்டி, எண்ணிக்கைக்காக நெருக்கி நடுவதால் மண்ணில் கட்டிவைத்த சேமிப்பை முதலில் கலைத்துவிட்டுப் பிறகு சேமிக்கத் தொடங்குகிறோம். அடுத்த வறட்சியில் கன்றுகள் பட்டுப்போனால் இரண்டும் நட்டம்.

இதில் மேய்ச்சலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பென்னாகரம் பக்கம் காவிரிக்கரைக் காடுகளில் பட்டி போட்டு வளர்த்த ஆலம்பாடி மாடுகள் தமிழகத்தின் பெயர்பெற்ற உழவு மாட்டினம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் இரண்டு வாரங்களுக்குள் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களுக்குள் சுருக்கியது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் 686 சதுர கிலோமீட்டர் காடு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைகளுக்கும் ஆற்றுக்கும் நல்ல செய்தி. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் மார்ச்சில் தப்பிய பட்டிக்காரர் நவம்பரில் மாட்டிக்கொண்டார். மாடு அதிகமானால் கன்று தழைக்காது என்பது சரி. மாடே இல்லாவிட்டால் காய்ந்த புல் இடுப்பளவு நின்று தீயை மேலே ஏற்றும் என்பதும் சரி. எந்தச் சரிவில் எத்தனை மாடு, எந்த மாதம் என்று ஊரும் துறையும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை ஒற்றை வரி ஆணையால் தீர்க்க முயல்வது 1882-ன் பழக்கம்.

மாற்று வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம் தனிநபர் பட்டாவோடு நிற்கவில்லை. தாங்கள் வழிவழியாகப் பயன்படுத்திய காட்டைக் காக்கவும், மீட்டெடுக்கவும், மேலாளவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் தாமதமாகவே நடக்கத் தொடங்கியது: 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் தடை நீங்கியது. அதன் பிறகும் பேச்செல்லாம் வீட்டு மனை, விளைநிலம் பற்றியே. சமூகக் காட்டு உரிமை என்றால் அலுவலகங்களில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அதிகாரத்தில் பங்கு கேட்பது அது என்பதால் வியப்பில்லை.

உரிமை கொடுத்தால் மக்கள் வெட்டித் தீர்த்துவிடுவார்கள் என்ற அச்சம் பழையது. நேபாளம் வாச்சாத்திக்கு அடுத்த ஆண்டு, 1993-ல், தன் வனச்சட்டத்தின் மூலம் மலைக்காடுகளை ஊர்ப் பயனர் குழுக்களிடம் ஒப்படைத்தது. 1992-ல் நாட்டின் 26 விழுக்காடாக இருந்த காட்டுப்பரப்பு 2016-ல் 45 விழுக்காடானதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. ஆட்கள் வெளிநாடு போனதும் காரணத்தில் ஒரு பங்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிரேசில் 2004-ல் ஆண்டுக்கு 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேலிருந்த அமேசான் அழிப்பை 2012-ல் 4,600-க்கும் கீழே கொண்டுவந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், கடன் மறுப்பு ஆகியவற்றோடு பழங்குடி நிலங்களுக்கு எல்லை வகுத்ததும் அதில் சேரும். கண்டிப்பான அரசும் உரிமையுள்ள ஊரும் சேர்ந்து நின்றபோது நடந்தது அது. கண்டிப்பு மட்டும் தனியே நின்றபோது நடந்ததை நாம் அரூரில் பார்த்தோம்.

சித்தேரியில் இதற்கான வேலை பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஊரும் தன் ஊற்று, மேய்ச்சல், கடுக்காயும் நெல்லியும் எடுக்கும் இடம், குலசாமிக் காடு ஆகியவற்றின் எல்லையை நடந்து குறித்து, கிராம சபைத் தீர்மானத்தோடு சமர்ப்பிக்க வேண்டும். தீத்தடுப்புக் கோடு வெட்டும் கூலியும் உண்ணிச்செடி அகற்றும் கூலியும் அந்தச் சபை வழியே வர வேண்டும். வரட்டாறு அணைக்கு நீர் பிடிக்கும் சரிவுகளில் மண்ணின் கார்பனை ஐந்தாண்டுக்கு ஒரு முறை அளக்க வேண்டும். அதற்கு ஒரு மண்வெட்டியும் ஆய்வுக்கூடமும் போதும்.

பணம் யாருக்கு என்பதுதான் தீராத கேள்வி. வன உரிமைச் சட்டம் தேனையும் மூங்கிலையும் மரமல்லாத பிற விளைபொருளையும் ஊருக்குத் தந்தது. வெட்டுமரத்தைத் தரவில்லை. மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கும் கார்பன் யாருடையது என்று அது பேசவில்லை. 2006-ல் யாரும் அதற்கு விலை பேசிக்கொண்டு மலையேறவில்லை. பட்டா நிலத்துச் சந்தனத்துக்கே 2008-ல்தான் தனி விதிகள் வந்தன. சித்தேரியின் கார்பனுக்கு முதல் ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்பே அது யாருடையது என்று சட்டமன்றம் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் முந்திக்கொண்டால், அளக்க வருகிறவரின் பின்னால் காவல் காக்க வருகிறவரும் வருவார்.